ஒறம்பரை வந்தால் எங்கே கூட்டிப் போவது?

வாசகர் கேள்வி – பதில்

பரீட்சை லீவு விட்டாச்சு. இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: வெளியூரிலிருந்து நண்பர்கள் குடும்பத்தோடு வருகிறார்கள், எங்கே கூட்டிப் போவது, என்ன செய்து போடுவது. எழுதியவர்களில் பெரும்பாலோர் வேலைக்காகக் கொங்குநாட்டுக்கு வந்து குடியேறியவர்கள். நானும் அப்படித்தான். வீட்டுக்காரருக்கு பம்ப்செட் கம்பெனியில் வேலை கிடைத்துத் திருவாரூர்ப் பக்கத்திலிருந்து வந்தோம், வடவள்ளியில் 24 வருஷம் ஆகிறது. வந்த புதிதில் என் அம்மா பையும் கையுமாக வந்து இறங்கியபோது, பக்கத்து வீட்டு ஆத்தா காம்பவுண்டுக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்து, "ஒறம்பரை வந்திருக்குதாட்ட இருக்குதுங்கோ" என்றார், பத்து நிமிஷத்தில் ஒரு சொம்பு மோரோடு வாசலில் நின்றார். சொந்தக்காரர், விருந்தாளி, தேடி வந்த சிநேகிதர் எல்லாரும் இங்கே ஒறம்பரைதான். மற்றக் கேள்விகளை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம், இந்த வாரம் முழுக்க ஒறம்பரைக்கே.

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. ஐ.டி. வேலைக்காக வந்து மூன்று வருஷமாகச் சரவணம்பட்டியில் இருக்கிறேன். கல்லூரி நண்பர்கள் நாலு பேர் குடும்பத்தோடு மூன்று நாள் தங்க வருகிறார்கள். "கோயம்புத்தூர்ல என்னங்க இருக்குது, ஊட்டிக்குக் கூட்டிட்டுப் போயிருங்க" என்று ஆபீசில் உள்ளூர்க்காரர்களே சொல்கிறார்கள். நிஜமாகவே ஊருக்குள் ஒன்றும் இல்லையா?
– வாசகர், சரவணம்பட்டி

பதில்: தம்பி, இதை மட்டும் உள்ளூர்க்காரர்களிடம் கேட்காதீர்கள். பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பதை யாரும் பார்க்க வேண்டிய இடம் என்று நினைப்பதில்லை. நம்மைப் போல வந்து குடியேறியவர்களுக்குத்தான் ஊர் கண்ணில் படும், அதுவும் யாராவது வந்து "சுத்திக் காட்டு" என்று உட்கார்ந்தால்தான் படும்.

நான் முதல்முதலாகக் கூட்டிப் போனது கோவைக் குற்றாலம். கூடப் படித்த இரண்டு சிநேகிதிகள் வந்திருந்தார்கள். புளிச்சோறு கட்டிக்கொண்டு சாடிவயல் வரைக்கும் போய்விட்டோம், மலையில் நல்ல மழை, அருவியில் தண்ணீர் அதிகம், சோதனைச் சாவடியிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். தப்பு எங்கள் பேரில்தான், கிளம்பும் முன்னால் ஒரு போன் போட்டு விசாரித்திருக்க வேண்டும். மழை, யானை நடமாட்டம், இப்படி ஏதாவது ஒரு காரணத்துக்காக அந்த வழி அடிக்கடி மூடப்படும், அதனால் நீங்களும் அன்று காலையில் விசாரிக்காமல் கிளம்பாதீர்கள். சாலையோரம் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து சோற்றைத் தின்றுவிட்டுத் திரும்பும் வழியில், வேறு போக்கில்லாமல் பேரூர்க் கோயிலுக்குள் நுழைந்தோம். பட்டீஸ்வரர் கோயிலின் கனகசபை மண்டபத்தில் போய் நின்றதும் மூன்று பேருக்கும் பேச்சே வரவில்லை. தஞ்சாவூர், கங்கைகொண்ட சோழபுரம் எல்லாம் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள், கோயில் என்றால் எங்கள் ஊர்தான் என்ற நினைப்பு நிறையவே இருந்தது. அந்த மண்டபத்துத் தூண்களில் ஆனைத் தோலை விரித்துப் பிடித்து நிற்கிற சிவனையும், வீரபத்திரரையும், ஆலங்காட்டுக் காளியையும் பார்த்த பிறகு அந்த நினைப்பு போய்விட்டது. அண்ணாந்து பார்த்தால் விதானத்தில் கல்லிலேயே சங்கிலி, கல்லிலேயே தாமரை. 17ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர் வழியில் வந்த அளகாத்ரி நாயக்கர் கட்டியது. அதனால் உங்கள் முதல் நாள் காலை பேரூருக்கு. வெயில் ஏறும் முன்னால் போங்கள், ஒரு மணி நேரமாவது அந்த மண்டபத்தில் இருங்கள். பிள்ளைகளுக்கு விதை முளைக்காத பிறவாப் புளி, சாகாத இறவாப் பனை கதைகளைச் சொல்லுங்கள். நொய்யல் படித்துறைக்கும் நடந்துவிட்டு வாருங்கள், மழைக்காலம் இல்லையென்றால் தண்ணீரை எதிர்பார்க்க வேண்டாம்.

மத்தியானம் எங்கேயும் போகாதீர்கள். நான் கெஞ்சிக் கேட்கிற ஒரே விஷயம் இதுதான். நாலு குடும்பம், அத்தனை பிள்ளைகள், வெயில், வண்டியில் ஏறி இறங்கி ஏறி இறங்கி எட்டு இடம் பார்த்தால் ராத்திரி ஒருத்தரோடு ஒருத்தர் பேசக்கூடத் தெம்பு இருக்காது. அவர்கள் வருவது உங்களைப் பார்க்கத்தான். சாப்பிட்டுவிட்டுப் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு ஹாஸ்டல் கதை பேசட்டும். சாயங்காலம் உக்கடம் பெரியகுளத்தின் கரைக்குப் போங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று அங்கே நேராக முகத்தில் அடிக்கும், மேற்கே மலைக்குப் பின்னால் பொழுது இறங்கும். நொய்யல் தண்ணீரைக் குளம் குளமாகத் தேக்கி வைக்கிற பழைய ஏற்பாட்டில் இதுவும் ஒன்று.

இரண்டாம் நாளுக்கு உங்கள் நண்பர்கள் யார், என்ன வேலை பார்ப்பவர்கள் என்று யோசித்து இடம் பிடியுங்கள். இயந்திரத்தில் ஆசை உள்ளவர் என்றால் அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு பெயரில் உள்ள அருங்காட்சியகமும், பழைய கார்களை வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிற ஜீடி கார் அருங்காட்சியகமும் இருக்கின்றன. வெள்ளைக்காரர் ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, வேலைக்குப் போய்ப் பணம் சேர்த்து, அந்த வண்டியையே வாங்கிப் பிரித்துப் பார்த்த கலங்கல் கிராமத்துப் பையன் கதையைப் பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்பார்கள். அவிநாசி சாலை மேம்பாலத்துக்கே இப்போது அவர் பெயர்தான். காடு, மரம் என்றால் 1902இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகம், ஆர்.எஸ்.புரம் கௌலி பிரவுன் சாலையில். பூச்சி என்றால் விழுந்தடித்துக்கொண்டு ஓடிவரும் பிள்ளைகள் இருந்தால் வேளாண் பல்கலைக்கழகத்தில் பூச்சிகளுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. எல்லா இடத்துக்கும் விடுமுறை நாளும் நேரமும் போனில் கேட்டுவிட்டுப் போங்கள்.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும். பாபநாசம் பக்கத்துச் சிநேகிதி ஒருத்தி போன வருஷம் வந்திருந்தாள். அவள் வீட்டுக்காரர் கரும்பு விவசாயி, அதிகம் பேசமாட்டார். மருதமலை, பேரூர் எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார். பேச்சுவாக்கில், "வயலில் என்ன ரகம் போட்டிருக்கீங்க?" என்றேன். "கோ எண்பத்தாறு முப்பத்திரண்டு" என்றார். விவசாயிகள் அப்படித்தான் சொல்வார்கள், கோ 86032. "அந்தக் கோ எந்த ஊர் தெரியுமா?" என்றேன். அவருக்குத் தெரியவில்லை, பதினைந்து வருஷமாக அதையே நட்டு வெட்டுகிற மனிதர். மறுநாள் காலையில் வீரகேரளத்தில் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். 1912இல் தொடங்கிய இடம். கரும்பு இந்த ஊர்த் தட்பவெப்பத்தில் நன்றாகப் பூக்கும், பூத்தால்தான் ஒட்டுச் சேர்த்துப் புது ரகம் உண்டாக்க முடியும், அதற்காகவே கோயம்புத்தூரைத் தேர்ந்தெடுத்தார்கள். பார்பர் என்ற வெள்ளைக்காரரும் டி.எஸ். வெங்கட்ராமனும் தடித்த கரும்பையும் தானாக வளருகிற காட்டுக் கரும்பையும் சேர்த்து உண்டாக்கிய கோ 205 என்ற ரகம் 1918இல் வெளிவந்து வட இந்தியாவுக்குப் போனது. அன்றிலிருந்து இங்கே பிறக்கிற ரகமெல்லாம் ‘கோ’ என்று ஊர்ப் பெயரைச் சுமந்துகொண்டுதான் வெளியே போகிறது. இதையெல்லாம் நான் சொல்லி முடிக்கும்வரை அவர் அந்தப் பெயர்ப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் வேட்டியை இறக்கிவிட்டு, பலகைக்குப் பக்கத்தில் நின்று ஒரு போட்டோ எடுக்கச் சொன்னார். நாலு நாளில் அவராகக் கேட்டு எடுத்துக்கொண்ட போட்டோ அது ஒன்றுதான். உள்ளே போய்ப் பார்க்க முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும், நாங்கள் கேட்கவில்லை, வாசலே அவருக்குப் போதுமாக இருந்தது.

மூன்றாம் நாள் ஊட்டி போயே ஆகவேண்டும் என்றால் காரில் போகாமல் மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் போங்கள். காலை 7.10க்குக் கிளம்பும், ஊட்டி சேர ஏறக்குறைய ஐந்து மணி நேரம். கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும் தண்டவாளத்துக்கு நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டை ஓடும், இஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்வி ஏறும், இஞ்சின் பின்னாலிருந்துதான் பெட்டிகளைத் தள்ளும். 46 கிலோமீட்டர், 16 குகை. 1899இல் குன்னூர் வரைக்கும் வந்தது, 1908இல் ஊட்டியைத் தொட்டது. டிக்கெட்டை மிக முன்னதாகவே போட்டுவிடுங்கள். காரில்தான் போவோம் என்றால் இ-பாஸ் எடுக்க மறக்காதீர்கள், 2024 மே மாதத்திலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது.

ஊருக்குள் சுற்றும்போது காந்திபுரத்தில் மத்திய சிறையின் மதிலைக் கடந்தால் வண்டியைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். நீங்கள் தூத்துக்குடிக்காரர். வ.உ.சி. செக்கிழுத்தது இந்த மதிலுக்குள்ளேதான், அந்தச் செக்கு இன்னமும் உள்ளே பாதுகாப்பாக இருக்கிறது. உங்கள் ஊர்க்காரர் ஒருவர் உங்களுக்கு முன்னாலேயே இங்கே வந்து பட்ட பாட்டை உங்கள் நண்பர்களுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: அப்பாவின் பள்ளித் தோழர் மதுரையிலிருந்து வருகிறார். 74 வயது, முழங்கால் வலி. மருதமலை பார்த்தே ஆகவேண்டும் என்கிறார். என்ன செய்வது?
– வாசகி, கணபதி

பதில்: தாராளமாகக் கூட்டிப் போங்கள் அம்மிணி. மேலே வரைக்கும் சாலை இருக்கிறது, கோயில் பஸ்சும் ஓடுகிறது, இறங்கிய பிறகு கொஞ்சம் படி ஏற வேண்டியிருக்கும், அதை நின்று நின்று ஏறலாம். கிருத்திகை, சஷ்டி, ஞாயிறு மூன்றும் வேண்டாம். செவ்வாயும் முருகனுக்கு உகந்த நாள் என்று கூட்டம் சேரும், புதன் அல்லது வியாழன் காலை நல்லது. பாம்பாட்டிச் சித்தர் குகைக்கு இறங்கி ஏற வேண்டும், அதை அவரிடம் வற்புறுத்தாதீர்கள். தரிசனம் முடிந்ததும் மேலேயே நிழலில் உட்காரவைத்துவிட்டு, உங்கள் அப்பா சின்ன வயதில் எப்படி இருந்தார் என்று கேளுங்கள். அதைச் சொல்ல இன்னும் எத்தனை பேர் மிச்சம் இருக்கிறார்கள்?

கேள்வி: ராமநாதபுரத்திலிருந்து வந்து திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லராக இருக்கிறேன். ஒரே ரூம் வீடு. ஊர் சிநேகிதன் மனைவி, குழந்தையோடு இரண்டு நாள் வருகிறேன் என்கிறான். வரச்சொல்லக் கூச்சமாக இருக்கிறது. நொய்யல் நாற்றத்தையும் சாக்கடையையும் பார்த்துவிட்டு என்ன நினைப்பான்?
– வாசகர், திருப்பூர்

பதில்: வரச்சொல்லுங்கள். இன்றைக்கே போன் போட்டுச் சொல்லுங்கள். அவர் மனைவிக்கும் குழந்தைக்கும் ரூமைக் கொடுத்துவிட்டு, வீட்டுச் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு நீங்களும் உங்கள் சிநேகிதரும் மொட்டை மாடியில் படுங்கள். இந்தப் பக்கத்துக் காற்றுக்கு ஃபேன் வேண்டாம், ஒரு போர்வை வேண்டும். எங்கள் முதல் வீடும் ஒரே ரூம்தான், அடுப்பு ஒரு மூலை, படுக்கை ஒரு மூலை. அந்த வீட்டுக்கு வந்து போனவர்கள்தான் இன்றைக்கும் எங்களுக்கு நெருக்கம்.

நொய்யலை மறைக்க வேண்டாம். வெள்ளியங்கிரி மலையில் தெளிந்த தண்ணீராகப் பிறந்த ஆறு, சாயத் தண்ணீர் கலந்து கெட்டது, விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனது, 2011இல் சாயப்பட்டறைகளையே மூடச்சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டது, எல்லாவற்றையும் உள்ளபடி சொல்லுங்கள். ஊரைக் காட்டுவது என்றால் அதன் குறையையும் சேர்த்துத்தான். அவர் போட்டிருக்கிற பனியன் எங்கே தைத்தது என்றும் சொல்லுங்கள்.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே கொடி காத்த குமரன் நினைவிடம். சென்னிமலையில் பிறந்தவர், 1932 ஜனவரியில் தடியடி பட்டு 28 வயதுகூட நிறையாமல் உயிரை விட்டவர். அங்கே ஒரு சாயங்காலம். மறுநாள் காலையில் டவுன் பஸ் பிடித்து அவிநாசி, முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பாடி மீட்ட தலம், குழந்தைக்கு அந்தக் கதை பிடிக்கும். இன்னும் ஒரு நாள் தங்கினால் பவானி கூடுதுறைக்குப் போய்க் குளித்துவிட்டு வாருங்கள், பவானியும் காவிரியும் சேருகிற இடம். அங்கே சங்கமேஸ்வரர் கோயிலில், வில்லியம் காரோ என்ற வெள்ளைக்காரக் கலெக்டர் 1804இல் அம்மனுக்குக் கொடுத்த தந்தக் கட்டில் இருக்கிறது. செலவு பஸ் சார்ஜும் சாப்பாடும்தான்.

கேள்வி: சென்னைத் தோழி "ஒரிஜினல் கொங்குச் சாப்பாடு வேணும்" என்று கேட்கிறாள். எந்த ஓட்டலுக்குப் போவது?
– வாசகி, ஈரோடு

பதில்: ஓட்டலுக்கு ஒரு வேளை போங்கள், பள்ளிபாளையம் சிக்கன் சாப்பிடட்டும். மற்ற வேளைக்கு உங்கள் அடுப்படியே போதும். முதல் நாள் ராத்திரி களைத்து வந்து இறங்குவாளே, அப்போது அரிசிம்பருப்பு. ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளருக்குக் கொஞ்சம் எச்சாகத் துவரம்பருப்பு. கடலெண்ணெயில் கடுகு, சீரகம், வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, சின்ன வெங்காயம் பத்துப் பதினைந்தை முழுசாகவே போட்டு, பூண்டு ஏழெட்டுப் பல்லைத் தட்டிப்போட்டு, தக்காளி ஒன்று, மஞ்சள்தூள், கொஞ்சம் மிளகு சீரகப் பொடி. தண்ணீரை வழக்கத்தைவிட ஒரு டம்ளர் கூட ஊற்றுங்கள், குழைந்துதான் இருக்க வேண்டும். குக்கரைத் திறந்ததும் மேலே நெய். ஊத்துக்குளி வெண்ணெய் வாங்கி வீட்டில் உருக்கிய நெய் என்றால், வாசத்துக்கே வந்து உட்கார்ந்துவிடுவாள். தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய் வதக்கல், தயிர்.

காலையில் இடியாப்பம் மாதிரிப் பிழிகிற சந்தகையும் தேங்காய்ப்பாலும். அதைப் பிழிகிற வேலையில் அவளையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒருத்தர் போட ஒருத்தர் அழுத்துகிற வேலை, பேச்சு தானாக வரும். மத்தியானம் கொள்ளுப் பருப்பும், அந்த வெந்த தண்ணீரிலேயே ரசமும். சாயங்காலம் காளான் வண்டிப் பக்கம் கூட்டிப் போங்கள், அது கிராமத்துச் சமையல் இல்லைதான், ஆனால் இந்தப் பக்கத்து ரோட்டோரத்தில் அதைத் தின்னாமல் போகவும் கூடாது.

கேள்வி: வால்பாறை, டாப்சிலிப் இரண்டையும் ஒரே நாளில் காட்ட முடியுமா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: முடியாது. வால்பாறைக்கு ஆழியாறு வழி, டாப்சிலிப்புக்குச் சேத்துமடை வழி, இரண்டும் வேறு வேறு மலைச்சாலை. வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, பிள்ளைகளுக்கு வாந்தி வரும், நடுநடுவே நிறுத்தித்தான் போகவேண்டும். ஏதாவது ஒன்றுக்குப் போங்கள். செவ்வாய், வியாழன் என்றால் காலையில் பொள்ளாச்சி மாட்டுச் சந்தையையும் எட்டிப் பாருங்கள்.

கேள்வி: என் பேச்சில் ‘ங்க’ ஒட்டிக்கொண்டுவிட்டது. ஊர் நண்பர்கள் வந்தால் அதைச் சொல்லியே கேலி செய்கிறார்கள். மாற்றிக்கொள்ள முயற்சி செய்கிறேன், முடியவில்லை.
– வாசகி, பீளமேடு

பதில்: எதற்கு மாற்ற வேண்டும்? பஸ்சில் கண்டக்டர், "எங்க போகணுங்க" என்கிறார், ஸ்கூலுக்குப் போகிற குழந்தையையும் "வாங்க சாமி" என்கிறார்கள். வயசும் வசதியும் பார்க்காமல் எல்லாருக்கும் கொடுக்கிற மரியாதை அது. என் சிநேகிதிகளும் கேலி செய்தார்கள். நாலு நாள் தங்கிவிட்டு ஊருக்குப் போனவள் போனில் என்னிடம், "சரிங்க, வச்சிடறேன்" என்றாள். அவளுக்கே தெரியாமல் வந்தது.

கேள்வி: கிளம்புகிற நண்பர்களுக்கு என்ன கொடுத்தனுப்பலாம்?
– வாசகர், கோபி

பதில்: மைசூர்பா எல்லாரும் கொடுப்பார்கள், கொடுங்கள். வீட்டுக்கு உழைக்கிற பொருள் என்றால் பவானி ஜமக்காளம், கைத்தறியா என்று பார்த்து வாங்குங்கள். குழாயில் சிறுவாணித் தண்ணீர் வருகிற வீட்டில் தங்கியவர்கள் என்றால் பாட்டிலில் பிடித்துக் கொடுங்கள், ரயிலில் குடிக்க அதைவிட நல்ல தண்ணீர் கிடைக்காது.

நிலம் உள்ளவர்களுக்கு நான் கொடுப்பது ஈரோட்டு மஞ்சள். கடையில் கிழங்காக விற்பது வேகவைத்துக் காயவைத்தது, நட்டால் முளைக்காது, தெரிந்த விவசாயியிடம் விதை மஞ்சள் என்று கேட்டு வாங்க வேண்டும். அந்தப் பாபநாசத்துக் கரும்புக்காரருக்கு இரண்டு கிலோ ஒரு சாக்குப் பையில் கட்டிக் கொடுத்தேன். வைகாசியில் கொல்லையில் நட்டார். ஆடியில் ஒரு நாள் ஒரு படம் வந்தது, எழுத்து ஒன்றும் இல்லை, வெறும் படம்: வாழைக்குப் பக்கத்தில் முழங்கால் உயரத்துக்கு மஞ்சள் இலை.